சேலத்து வீட்டறையில் முதல் பாப்-ராக் ஆல்பம்: எழுதுவதில் தொடங்கி வெளியிடுவது வரை

எட்டுப் பாட்டு, மொத்தம் 33 நிமிடம். தானே எழுதி, மெட்டுப் போட்டு, கிதார் வாசித்துப் பாடுகிற ஒருவர் அஸ்தம்பட்டியிலோ அம்மாப்பேட்டையிலோ பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் இருந்தே இதைச் செய்து முடிக்கலாம். நான் அப்படித்தான் முடித்தேன். அதன்பிறகு என் அறைக்கு வந்துபோன தம்பி தங்கைகள் பலரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் சிக்கி நின்றதைப் பார்த்தேன். பாட்டு முடிவதற்கு முன்பே மைக்கை எடுத்துவிடுகிறார்கள். அதனால்தான் இந்த வழிகாட்டியில் பதிவை ஏழாவது கட்டத்தில் வைத்திருக்கிறேன். வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

சரியாகச் சுருதி நிற்கும் ஒரு கிதார், ஓரளவு வேகமான லேப்டாப், இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கிதாரையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), ஒரு மைக், காதை முழுக்க மூடும் ஹெட்போன், மைக் ஸ்டாண்டு, மைக்குக்கு முன்னால் வைக்கும் வலைத்தட்டான பாப் ஃபில்டர். இவ்வளவு போதும். ரெக்கார்டிங் மென்பொருள் எதுவானாலும் சரி, ஒன்றைப் பிடித்து அதிலேயே ஆல்பத்தை முடியுங்கள். நடுவில் மாற்றினால் இரண்டு மாதம் போய்விடும்.

புதியவர்கள் முதலில் செலவழிப்பது விலை உயர்ந்த கண்டென்சர் மைக்கில். சாதாரண வீட்டறையில் அது உங்கள் குரலோடு பக்கத்து வீட்டு மிக்ஸியையும் சேர்த்தே பிடிக்கும். முதல் ஆல்பத்துக்கு, மேடையில் எல்லாரும் பயன்படுத்தும் ஷ்யூர் எஸ்.எம்.58 போன்ற டைனமிக் மைக் தாராளம். அறையைச் சரிசெய்த பிறகு கண்டென்சர் வாங்கலாம். அதற்கு இன்டர்ஃபேஸில் இருந்து 48 வோல்ட் போக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். 'மைக் வேலை செய்யவில்லை' என்று கொண்டு வந்தவர்களில் பாதிப் பேர் இன்டர்ஃபேஸில் அந்த 48 வோல்ட் பொத்தானை அழுத்தாதவர்கள்.

ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கையும் இப்போதே வாங்குங்கள். இரண்டு பாட்டின் மொத்தக் குரல் பதிவையும் லேப்டாப் பழுதில் நான் இழந்திருக்கிறேன். மீண்டும் பாடினேன், ஆனால் அந்த முதல் நாள் குரல் திரும்பி வரவில்லை. அன்றன்று பதிவானதை அன்று இரவே நகலெடுக்கப் பழகுங்கள்.

2. பதினைந்து எழுதி, எட்டு எடுங்கள்

எட்டுப் பாட்டு வேண்டும் என்றால் எட்டு மட்டும் எழுதாதீர்கள். எட்டே எழுதினால் எதையும் தள்ள மனசு வராது, சுமாரான பாட்டும் உள்ளே வந்துவிடும். பதினைந்து இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரே வேகம், ஒரே சுருதி, ஒரே மாதிரித் தொடக்கம் என்று மூன்று பாட்டு இருப்பது அப்போதுதான் தெரியும்.

எழுதுவதற்கு ஏற்காடு நல்ல இடம். சேலத்தில் இருந்து 30 கிலோமீட்டர்தான், 20 கொண்டை ஊசி வளைவு, காலையில் கிளம்பினால் சாயங்காலம் திரும்பிவிடலாம். வார நாளில் போங்கள். மே மாதம் வேண்டாம், கோடை விழாக் கூட்டத்தில் உட்கார இடமிருக்காது. மேலே போனதும் கிதாரை உறையிலிருந்து எடுத்து அரை மணி நேரம் சும்மா வையுங்கள். கீழே இருந்த வெயிலுக்கும் மேலே இருக்கும் குளிருக்கும் இடையே சுருதி நகர்ந்திருக்கும். உடனே திருகினால் திருகிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஆனால் ஏற்காட்டில் ரெக்கார்ட் செய்யத் திட்டமிடாதீர்கள். அமைதியான மலை என்று நினைத்து மைக்கோடு போகிறார்கள். இருட்டினால் சில்வண்டு, விடிந்தால் குருவி, மழை வந்தால் தகரக் கூரை. எழுதும்போது இவை துணை, மைக்குக்கு முன்னால் இடைஞ்சல். மூடுபனியின் ஈரமும் கண்டென்சர் மைக்குக்கு ஆகாது.

ஒவ்வொரு பாட்டையும் ஒரு கிதார், ஒரு குரல் என்று போனில் பதிந்து ஒரு வாரம் தள்ளி வையுங்கள். வாரம் கழித்துப் போனைப் பார்க்காமலே எந்தப் பாட்டின் பல்லவி வாயில் வருகிறதோ, அதை எடுங்கள். இசைக்கருவிகளை அடுக்கினால் நன்றாகிவிடும் என்று ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

3. மெட்டில் தமிழ் உட்கார்கிறதா என்று பாருங்கள்

அதிகப் பாட்டுகள் கெட்டுப்போவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாப்-ராக் மெட்டை நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலப் பாட்டுக் கேட்ட காதோடுதான் போடுகிறோம். ஆங்கிலத்தில் ஒரு அசையை எவ்வளவு இழுத்தாலும் சொல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். தமிழில் குறிலை இழுத்தால் நெடிலாகிவிடும், சொல்லே மாறிவிடும். விடு வீடாகும், எடு ஏடாகும், கொடு கோடாகும்.

ஒரு தம்பி 'மலை ஏறி வந்தேன்' என்று பல்லவி போட்டிருந்தான். முதல் எழுத்தை இரண்டு தட்டு இழுத்திருந்தான். என் அத்தை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஏங்கண்ணு, மாலை மேல எப்படி ஏறி வந்தே?" என்று கேட்டார். சொல்லை மாற்றவில்லை, மெட்டையும் மாற்றவில்லை. 'ம' என்பதை மட்டும் தாளத்தின் முதல் தட்டுக்கு முன்னால் அரைத் தட்டில் எடுத்து, 'லை' முதல் தட்டில் விழுமாறு நகர்த்தினோம். இழுப்பு 'லை'க்குப் போனது. அத்தைக்கு மலை கேட்டது.

அடுத்து, வரியின் கடைசிச் சொல். பாட்டு, காற்று, நேற்று, கிழக்கு போன்றவை குற்றியலுகரத்தில் முடிகின்றன. அந்த உகரம் பேச்சிலேயே அரை மாத்திரைதான். நான்கு தட்டு இழுக்க வேண்டிய இடத்தில் அதை வைத்தால் 'காற்றூ' என்று கேட்கும். நீண்ட சுரத்தில் நிற்க ஆ, ஏ, ஓ வேண்டும்: நிலா, வா, போகாதே, நதியே. நம் பாட்டுகளில் 'ஏ' என்று விளித்து முடிப்பது இவ்வளவு அதிகம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். குற்றியலுகரச் சொல்தான் வேண்டும் என்றால், இழுப்பை அதற்கு முந்தின எழுத்தில் முடித்துவிட்டு உகரத்தைத் தொட்டுவிட்டு விலகுங்கள். 'காஆஆற்று' சரி. வானம், காலம் என்று முடிந்தால் 'ம்' மேல் முனகி நிற்கலாம், அது நன்றாகவே இருக்கும்.

உச்ச சுரத்தில் எந்த உயிர் வருகிறது என்பதும் முக்கியம். மேலே போகும்போது இ, உ தொண்டையை இறுக்கும். 'ஆ' திறக்கும். பல்லவியின் உச்சியில் 'நீ' வைத்துவிட்டுக் குரல் பிசிறுகிறது என்று வருந்துகிறவர்கள், அந்த இடத்தில் 'நான்' என்றோ 'வா' என்றோ மாற்றிப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

வேகமான பாட்டுக்குத் தமிழில் ஒரு பெரிய வசதி இருக்கிறது: வல்லினம் இரட்டிக்கும் சொற்கள். வெட்டி, தட்டி, பக்கம், இப்போது. க்க, ட்ட, ப்ப ஒவ்வொன்றிலும் குரல் ஒரு கணம் அடைத்துத் திறக்கிறது. தந்தியை உள்ளங்கையால் அமுக்கி வாசிக்கும் கிதாரோடு இந்தச் சொற்கள் ஸ்னேர் டிரம் அடி போலப் பொருந்தும். சரணத்தில் இவற்றை நிறைத்து, பல்லவியில் நெடில்களைத் திறந்துவிட்டால், கருவி எதுவும் சேர்க்காமலேயே பல்லவி பெரிதாகக் கேட்கும்.

வேலை செய்யும் வரிசை இதுதான். முதலில் 'தன்னன தானன' என்று தத்தகாரத்தில் மெட்டைப் பாடுங்கள். 'தா', 'னா' வந்த இடங்களுக்கு மேல் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு நெடில் அல்லது ஒற்றோடு கூடிய எழுத்து, மற்றதற்குக் குறில். எதுகை மோனை தானாக வந்தால் வரட்டும். அதற்காகப் பொருளை வளைக்காதீர்கள்.

முடிந்ததும், வரிகளைப் பார்க்காத ஒருவரை உட்காரவைத்துப் பாட்டைப் போட்டுக் காட்டி, காதில் விழுந்ததை எழுதச் சொல்லுங்கள். அவர் தப்பாக எழுதிய இடங்களில் மெட்டோ சொல்லோ மாற வேண்டும். 'சரியாகப் பாடினால் புரியும்' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

4. சுருதி, வேகம், அமைப்பு: மூன்றையும் பூட்டுங்கள்

சுருதி: பல்லவியின் உச்ச வரியைத் தொடர்ந்து ஐந்து முறை, சாயங்காலத்தில் பாடிப் பாருங்கள். மூன்றாவது முறையே தொண்டை வலித்தால் அரைச் சுரம் இறக்குங்கள். ரெக்கார்டிங் நாளில் இருபது முறை பாட வேண்டிவரும். கிதாரில் விரல் எளிதாக விழுகிறது என்பதற்காக ஒரு சுருதியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், சுருதியை ஏற்றக் கிதார்க் கழுத்தில் மாட்டும் கேப்போ இருக்கிறது.

வேகம்: வெவ்வேறு நாளில் மூன்று முறை மெட்ரோனோம் (தாளம் தட்டிக் காட்டும் கருவி) இல்லாமல் வாசித்துப் பதிந்து, ஒவ்வொன்றும் எத்தனை பி.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) என்று பாருங்கள். நடுவில் வரும் எண்ணில் தொடங்கி, நான்கு கூட்டியும் நான்கு குறைத்தும் பாடுங்கள். 96-இல் சொற்கள் உருண்டு விழும், 92-இல் நிற்கும். இந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிறகு சரிசெய்ய முடியாது, எல்லாக் கருவியையும் மறுபடி வாசிக்க வேண்டும்.

அமைப்பு: முகப்பு, சரணம், பல்லவி, இடையிசை எத்தனை பார் (தாளச் சுற்று) என்று தாளில் எழுதுங்கள். பல்லவி, பாட்டின் முதல் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடட்டும். இடையிசை 16 பார் என்றால் அதில் ஏதாவது நடக்க வேண்டும், இல்லையென்றால் 8 போதும்.

பிறகு மெட்ரோனோமுடன் கிதாரும் குரலும் மட்டும் ஒரு வழிகாட்டிப் பதிவு எடுங்கள். எட்டுப் பாட்டுக்கும் இது முடியும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஒரு பாட்டை முழுதாக மெருகேற்றிவிட்டு அடுத்ததைத் தொடங்குகிறவர்கள் மூன்றாவதில் களைத்துவிடுகிறார்கள். முதல் பாட்டு ஒரு மாதிரியும் கடைசிப் பாட்டு வேறு மாதிரியும் ஒலிக்கிறது.

5. வாசிக்க வருகிறவர்களிடம் எழுதி வாங்குங்கள்

நண்பர்தானே என்று விடாதீர்கள். ஒரு தாள் போதும்: பாட்டின் பெயர், வரி யாருடையது, இசை யாருடையது, யாருக்கு எத்தனை சதவீதம், வாசிக்கிறவருக்கு எவ்வளவு தொகை, கையெழுத்து, தேதி. முதல் பதிவுக்கு முன்பே கையெழுத்தாக வேண்டும். பாட்டு ஓடிய பிறகு பேசினால் நட்பும் போகும்.

யாராவது உரிமையைக் கேட்டால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாத உரிமை மாற்றம் 5 ஆண்டுக்கு என்று கொள்ளப்படும். எந்தப் பகுதிக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். எனவே 'எக்காலத்துக்கும், உலகம் முழுவதும்' என்ற சொற்கள் தாளில் இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

6. அறையும் நேரமும்

அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். 'ட்ரிங்' என்று ஒரு நடுக்கம் கேட்டால் எதிரெதிர்ச் சுவர்கள் வெறுமையாக இருக்கின்றன. முட்டை அட்டை ஒட்டிப் பயனில்லை. கனமான பொருள்தான் ஒலியை உறிஞ்சும். இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைப் பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள், கனத்த ஜமுக்காளம் இரண்டு மடிப்பாகப் பக்கச் சுவரில், துணி நிறைந்த அலமாரியின் கதவு திறந்தபடி. மைக் பின்னால் இருப்பதைவிட, அது பார்க்கும் திசையில் இருப்பதைத்தான் அதிகம் பிடிக்கும். அதனால்தான் மெத்தை உங்கள் முதுகுக்குப் பின்னால்.

வெளிச்சத்தத்தை மெத்தை தடுக்காது. அதற்கு நேரம்தான் வழி. அம்மாப்பேட்டை, குகைப் பக்கம் என்றால் விசைத்தறி எப்போது நிற்கிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். ஆடி மாதத்தில் குரல் பதிவே வைக்காதீர்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகையை ஒட்டி ஊர் முழுக்க ஒலிபெருக்கி, அது அம்மனின் மாதம். அந்த வாரங்களைத் திருத்த வேலைக்கு ஒதுக்குங்கள். ஏப்ரல், மே வெயிலில் ஃபேன் இல்லாமல் பாட முடியாது, ஃபேனோடு பதிய முடியாது. நான் விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஏழுக்குள் முடித்தேன். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் தேதியையும் முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

கிதாரில் 'உம்ம்' என்று ஒரு இரைச்சல் வந்தால், முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். போய்விட்டால் வீட்டு எர்த் சரியில்லாமல் இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், மென்பொருளில் தேட வேண்டாம்.

7. பதிவு: எதன் மேல் எது

வரிசை: டிரம்ஸ், பேஸ், தாளக் கிதார், கீபோர்டு, லீட் கிதார், குரல், துணைக்குரல். அடியில் இருப்பது ஆடினால் மேலே எல்லாம் ஆடும்.

தெருவீட்டில் நிஜ டிரம்ஸ் முடியாது. மென்பொருள் டிரம்ஸில் எழுதலாம், ஆனால் ஒவ்வொரு அடியும் ஒரே பலத்தில் இருந்தால் தையல் மெஷின் மாதிரி இருக்கும். ஹை-ஹாட்டில் (ஜோடிச் சிம்பல்) ஒன்றுவிட்டு ஒன்று மெலிதாக்குங்கள், பல்லவிக்கு முந்தின பாரில் பலத்தைக் கூட்டுங்கள். நிஜ டிரம்ஸ்தான் வேண்டும் என்றால் எட்டுப் பாட்டின் வழிகாட்டிப் பதிவையும் எடுத்துக்கொண்டு கோவைக்கோ பெங்களூருக்கோ போய், நல்ல டிரம்ஸ் அறை உள்ள ஸ்டூடியோவில் இரண்டு நாளில் மொத்தமாக முடித்துவிட்டு வாருங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாகப் போனால் மைக் வைப்பதற்கே பாதி நாள் போகும்.

பதிவு அமைப்பு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்ச அளவு மைனஸ் 10 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும். சத்தமாகப் பதிந்தால் நல்லது என்று சிவப்பைத் தொடவிட்டு, உடைந்த ஒலியோடு வருகிறவர்கள் அதிகம். 24 பிட்டில் மெலிதாகப் பதிந்ததை உயர்த்தலாம், உடைந்ததை ஒட்ட முடியாது. மென்பொருள் ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவான பஃபர், பதியும்போது 128, மிக்ஸ் செய்யும்போது (எல்லா டிராக்கையும் கலக்கும்போது) 1024. பஃபர் பெரிதாக இருந்தால் உங்கள் குரலே உங்களுக்குத் தாமதமாகக் கேட்டு, தாளம் தடுமாறும்.

கிதாருக்கு முந்தைய நாள் புதுத் தந்தி போட்டு, இழுத்துப் பழக்குங்கள். 12-ஆவது ஃப்ரெட்டில் அழுத்தி வரும் சுரமும் அதே இடத்தில் லேசாகத் தொட்டு ஹார்மோனிக்காக வரும் சுரமும் ஒன்றா என்று டியூனரில் பாருங்கள். வேறுபட்டால் கிதாரைச் செட்-அப் (தந்தி உயரம், நீளம் சரிசெய்தல்) செய்யாமல் பதியாதீர்கள். ஒவ்வொரு டேக்குக்கும் (ஒருமுறை வாசித்துப் பதிவது) முன்னால் டியூன். அக்கூஸ்டிக் கிதாருக்கு மைக்கை ஓட்டைக்கு நேராக வைத்தால் 'பும் பும்' என்றுதான் வரும். 12-ஆவது ஃப்ரெட்டைப் பார்த்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். எலக்ட்ரிக் கிதாருக்கு எஃபெக்ட் சேராத வெறும் ஒலியையும் தனி டிராக்கில் பதிந்துவிடுங்கள். ஆம்ப் ஒலி பிடிக்கவில்லை என்றால் மறுபடி வாசிக்காமல் மாற்றிக்கொள்ளலாம். தாளக் கிதாரை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து இடம் ஒன்று, வலம் ஒன்று. ஒன்றையே நகலெடுத்து இரண்டு பக்கமும் போட்டால் அகலம் வராது, சத்தம்தான் கூடும்.

8. குரல்

ஒரு நாளைக்கு ஒரு பாட்டு, இரண்டு மணி நேரம். அதற்கு மேல் குரல் ஒத்துழைத்தாலும் நிறுத்துங்கள், மறுநாள் தெரியும்.

வாயிலிருந்து மைக் ஒரு சாண். பாப் ஃபில்டர் நடுவில். மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினால் 'ப' வெடிப்பதும் 'ச' சீறுவதும் குறையும். நின்று பாடுங்கள். ஹெட்போனில் மெட்ரோனோம் சத்தத்தைக் குறையுங்கள். மெலிதான கடைசி வரியில் அது மைக்கில் கசிந்தால் எடுக்க முடியாது.

வரிவரியாகப் பாடிப் பாடி ஒட்டாதீர்கள். ஒவ்வொரு வரியும் சரியாக இருக்கும், பாட்டு இருக்காது. தொடக்கம் முதல் முடிவு வரை ஐந்து முறை பாடுங்கள். வரிகளை அச்செடுத்து, எந்த டேக்கில் எந்த வரி நன்றாக வந்தது என்று பென்சிலால் குறியுங்கள். பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது டேக்கில்தான் உயிர் இருக்கும். ஒரு டேக்கை அடிப்படையாக வைத்து, விழுந்த வரிகளுக்கு மட்டும் வேறு டேக்கிலிருந்து எடுங்கள். ல, ள, ழ மூன்றையும் கேட்டுச் சரிபாருங்கள். பிட்ச் திருத்தும் மென்பொருளுக்கு 'ழ' தெரியாது.

9. திருத்தம், மிக்ஸ், மாஸ்டர்

மிக்ஸ் தொடங்கும் முன் திருத்தத்தை முடித்துவிடுங்கள்: மூச்சு, தட்டல், வெற்று இடத்தின் இரைச்சல், ஒட்டிய இடங்களில் சின்ன ஃபேடு (ஒலி மெல்ல ஏறி இறங்குவது). பிறகு ஒரு வாரம் கேட்காமல் இருங்கள்.

மிக்ஸில் குரலை முதலில் நிறுத்தி, அதைச் சுற்றி மற்றதைக் கொண்டு வாருங்கள். பாப்-ராக் என்றாலும் நம் ஊர்க் காது வரியைத் தேடும். கிதாரின் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் பேஸும் கிக் டிரம்மும் தெளியும். மெலிந்த ஒலியில் வேலை செய்யுங்கள், அடிக்கடி மோனோவில் (இடம், வலம் இரண்டும் ஒன்றாக) கேளுங்கள். அப்புறம் புதுப் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜங்ஷன் போகும் டவுன் பஸ்ஸில் சாதாரண இயர்போனில் கேளுங்கள். அங்கேயும் சொல் புரிந்தால் குரல் அளவு சரி. திருத்தம் மூன்று சுற்றோடு நிற்கட்டும்.

மாஸ்டரை (மிக்ஸின் மேல் செய்யும் கடைசி மெருகு), முடிந்தால், வேறொருவரிடம் கொடுங்கள். ஆறு மாதம் கேட்ட காதுக்குக் குறை தெரியாது. ஸ்பாட்டிஃபை ஏறத்தாழ மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவுகோல்) அளவுக்கு எல்லாப் பாட்டையும் சமப்படுத்துகிறது, அதனால் நசுக்கிச் சத்தமாக்குவதில் லாபமில்லை. உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். எட்டுப் பாட்டும் ஒரே அமர்வில் மாஸ்டர் ஆக வேண்டும், இல்லையென்றால் கேட்கிறவர் ஒவ்வொரு பாட்டுக்கும் வால்யூம் திருக வேண்டியிருக்கும்.

10. வெளியீடு

பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்குக் கொண்டுபோகும் விநியோக நிறுவனத்தில் குறைந்தது நான்கு வாரம் முன்னால் ஏற்றுங்கள். ஒவ்வொரு பாட்டின் பதிவுக்கும் தனி ஐ.எஸ்.ஆர்.சி. எண் (அந்தப் பதிவின் அடையாள எண்) உண்டு. எழுத்தும் இலக்கமும் சேர்ந்து மொத்தம் 12. அவர்களே தருவார்கள், குறித்து வைத்துக்கொள்ளுங்கள், நிறுவனம் மாறினாலும் அதே எண்ணைக் கொடுக்க வேண்டும். ஸ்பாட்டிஃபையின் பாட்டுப் பட்டியல் (பிளேலிஸ்ட்) குழுவுக்குப் பாட்டை அனுப்புவதென்றால் வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்னால் அனுப்ப வேண்டும்.

எழுதியவர், இசையமைத்தவர் பெயரை ஒவ்வொரு பாட்டிலும் முழுதாக நிரப்புங்கள். அவசரத்தில் வெறுமையாக விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், பிறகு ராயல்டி கேட்கப் போகும்போது வழி அடைபட்டிருக்கும். பாட்டு எழுதுகிறவரும் இசையமைப்பவரும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கத்தில் உறுப்பினராகலாம். தலைப்பை ஆங்கில எழுத்தில் எழுதினால் எல்லாத் தளத்திலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும், இல்லையென்றால் தேடுகிறவருக்குப் பாதிதான் கிடைக்கும்.

வெளியான அன்று காலை எட்டுப் பாட்டையும் ஒவ்வொரு தளத்திலும் முதலிலிருந்து கடைசி வரை கேளுங்கள். வரிசை மாறியிருக்கலாம், ஒரு பாட்டின் கடைசி இரண்டு நொடி வெட்டுப்பட்டிருக்கலாம். கண்டுபிடித்தால் அன்றே விநியோக நிறுவனத்துக்கு எழுதுங்கள், பாட்டை ஊருக்கு அனுப்புவது அதற்குப் பிறகு.